கைத்துப்பாக்கி, சப்மெஷின் கன் தோட்டாக்கள்: சரியான கேலிபரைக் கண்டறிந்து வாங்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உரிமம் வாங்குவதுதான் கடினம், தோட்டா வாங்குவது எளிது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களை முதலில் தடுமாற வைப்பது கேலிபர் (தோட்டாவின் அளவு வகை) பெயர்கள்தான். "9 மி.மீ. வேண்டும்" என்று கேட்டால், "எந்த 9 மி.மீ.?" என்று விற்பனையாளர் திருப்பிக் கேட்பார். ஒரே தோட்டாவுக்கு நான்கு பெயர்கள் இருக்கும். ஒரே எண்ணைத் தாங்கிய நான்கு தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் இருக்கும். இதை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. கடைக்காரர், பயிற்சியாளர், உரிம அலுவலகம் என ஒவ்வோர் இடத்திலும் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டதை, அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

தொழிற்சாலையில் தயாரான தோட்டாக்களைச் சட்டப்படி வாங்கிப் பயிற்சிக்கோ போட்டிக்கோ பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமே இக்கட்டுரை உரியது. வெற்று உறைகளில் மீண்டும் மருந்து நிரப்புவது தனிக் கலை. அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

1. துப்பாக்கியில் பொறித்திருப்பதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்

பிஸ்டலாக இருந்தால் குழலின் பின்பகுதியிலோ மேலே நகரும் ஸ்லைடிலோ, ரிவால்வராக இருந்தால் பெரும்பாலும் குழலின் பக்கவாட்டிலோ கேலிபரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தப் பெயரை எண் மட்டுமல்லாமல் அதைத் தொடரும் எழுத்துகளோடும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ".38" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் அது பாதித் தகவல்கூட ஆகாது, ".38 ஸ்பெஷல்" என்பதும் ".38 ஸ்மித் அண்ட் வெஸன்" என்பதும் ".38 சூப்பர்" என்பதும் மூன்று வெவ்வேறு தோட்டாக்கள்.

பழைய துப்பாக்கியில் பொறிப்பு தேய்ந்திருந்தாலோ, குழல் மாற்றப்பட்டிருக்கிறது என்ற ஐயம் இருந்தாலோ, ஒரு தோட்டாவை உள்ளே போட்டுப் பார்த்து "பொருந்துகிறது" என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே நுழைவதாலேயே ஒரு தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியதாகிவிடாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துத் தோட்டா அறையை (சுடும்போது தோட்டா அமரும் குழலின் பின்பகுதியை) அளக்கச் சொல்லுங்கள். அதற்காகும் கட்டணம் ஒரு புதிய குழலின் விலையோடு ஒப்பிட்டால் அற்பமே.

2. பெயரைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள்

மெட்ரிக் முறைப் பெயரில் இரண்டு எண்கள் இருக்கும். 9×19 என்றால் குண்டின் (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து செல்லும் பகுதியின்) விட்டம் சுமார் 9 மி.மீ., உறையின் நீளம் சுமார் 19 மி.மீ. என்று பொருள். எண்ணுக்குப் பின் 'ஆர்' என்ற எழுத்து வந்தால் அது அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும் ரிவால்வர் வகை உறை. 'எஸ்ஆர்' என்று வந்தால் விளிம்பு மிகச் சிறிதளவே துருத்தும் பாதி விளிம்பு வகை. அங்குல முறைப் பெயரில் புள்ளிக்குப் பின்வரும் எண் அங்குலத்தின் நூறில் அல்லது ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். .45 என்றால் 0.45 அங்குலம், அதாவது 11.4 மி.மீ. அளவு.

ஆனால் இந்த எண்களை அளவீடாக எடுத்துக்கொள்ளாமல் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு 0.357 அங்குல விட்டம்தான் கொண்டது; .44 மேக்னம் குண்டின் விட்டம் 0.429 அங்குலம். பெயரில் இருக்கும் எண் எந்தக் காலத்திலோ எதையோ அளந்து வைக்கப்பட்டது. இன்று அது வெறும் அடையாளம். உண்மையான அளவுகளையும் அதிகபட்ச அழுத்தத்தையும் வரையறுத்து வெளியிடுபவை ஐரோப்பாவில் சி.ஐ.பி. என்ற பன்னாட்டு அமைப்பும் அமெரிக்காவில் சாமி (SAAMI) என்ற உற்பத்தியாளர் சங்கமும் ஆகும். பெட்டியில் இருக்கும் பெயரும் துப்பாக்கியில் இருக்கும் பெயரும் இவற்றின் பட்டியலில் ஒரே தோட்டாவைக் குறிக்கின்றனவா என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

உறையின் வடிவத்தையும் ஒரு பார்வை பார்த்துவையுங்கள். விளிம்புள்ள உறை, அந்த விளிம்பாலேயே அறையில் தாங்கி நிற்கும். விளிம்பில்லாத நேரான உறை, பெரும்பாலும் தன் வாய்ப்பகுதியால் தாங்கி நிற்கும். கழுத்து குறுகிய உறை, தோள்பட்டையால் தாங்கி நிற்கும். நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்த தோட்டா ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்: தாங்க வேண்டிய இடத்தில் தாங்காமல் அது அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

3. 9 மி.மீ. குடும்பத்தைத் தனித்தனியாகப் பிரித்தறியுங்கள்

புதியவர்கள் மிகுதியாகக் குழம்புவது இங்கேதான். 9×19, 9 மி.மீ. பாரபெல்லம், 9 மி.மீ. லூகர் ஆகியவை அளவில் ஒரே தோட்டா, 9 மி.மீ. நேட்டோ என்பது அதே தோட்டாவின் ராணுவத் தர வடிவம். இன்று உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் கைத்துப்பாக்கித் தோட்டா இதுவே. கடையில் "9 மி.மீ." என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

9×17 என்பது வேறு. .380 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), 9 மி.மீ. ஷார்ட், 9 மி.மீ. குர்ட்ஸ், 9 மி.மீ. கோர்ட்டோ, 9 மி.மீ. பிரௌனிங் என்று நாட்டுக்கொரு பெயரில் விற்கப்படுவது இதுதான். குண்டின் விட்டம் 9×19 குண்டுக்கு நிகரானது. உறை மட்டும் ஏறத்தாழ 2 மி.மீ. குட்டை, அழுத்தமும் மிகக் குறைவு. சி.ஐ.பி. வரையறையில் 9×19 தோட்டாவுக்கு அதிகபட்ச அழுத்தம் 2350 பார். 9×17 தோட்டாவுக்கு 1350 பார். குட்டைத் தோட்டாவை நீளமான அறையில் போட்டால் சில சமயம் வெடிக்கவும் செய்யும், அதனாலேயே "ஓடுகிறதே" என்று பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள். உறை பிளந்து வாயு பின்னோக்கிச் சீறும் வாய்ப்பை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

9×18 மக்காரோவ் இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதன் குண்டு 9.27 மி.மீ. விட்டம் கொண்டது, மற்ற இரண்டையும்விடத் தடித்தது. பெயரில் இருக்கும் 9 என்ற எண்ணை மட்டும் பார்த்து இதை .380 துப்பாக்கியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

9×21 ஐஎம்ஐ என்ற பெயரையும் காண்பீர்கள். ராணுவம் பயன்படுத்தும் கேலிபர்களைத் தனியார் வைத்திருக்கத் தடைவிதித்திருந்த இத்தாலி போன்ற நாடுகளில், 9×19 தோட்டாவுக்கு மாற்றாக இது பெரிதும் புழங்கியது. செயல்திறனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உறையின் நீளம் வேறு, உரிமத்தில் எழுத வேண்டிய பெயரும் வேறு.

4. .38, .32, .45, .22: ஒருவழிப் பாதைகளை நினைவில் வையுங்கள்

சில தோட்டாக்கள் ஒரு திசையில் மட்டும் பொருந்தும். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் பாதுகாப்பாகச் சுடலாம். மேக்னத்தின் உறை அதைவிடச் சுமார் 3.5 மி.மீ. நீளமாக இருப்பதால், .38 ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னத்தைப் போட முடியாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். காரணம் அழுத்தம். சாமி வரையறையில் .38 ஸ்பெஷலுக்கு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), மேக்னத்துக்கு 35,000 பி.எஸ்.ஐ. பழகுவதற்குக் குறைந்த உதைப்புள்ள மலிவான தோட்டாவையும், போட்டிக்கோ வேறு தேவைக்கோ வலிய தோட்டாவையும் ஒரே ரிவால்வரில் பயன்படுத்த முடிவதால், ரிவால்வர்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு நான் .357 மேக்னத்தையே பரிந்துரைப்பேன்.

.38 சூப்பர் இதற்கு நேர்மாறான பொறி. பழைய .38 ஏசிபி தோட்டாவும் இதுவும் வெளி அளவுகளில் ஒன்றே, உள்ளே போட்டால் தடையின்றி நுழையும், ஆனால் சூப்பரின் அழுத்தம் மிக அதிகம். பழைய .38 ஏசிபி பிஸ்டல் ஒன்று பரம்பரைச் சொத்தாக வந்திருந்தால் அதில் சூப்பரைச் சுடவே கூடாது.

.32 என்ற எண்ணிலும் இதே கவனம் தேவை. .32 ஏசிபி என்பது 7.65 மி.மீ. பிரௌனிங் என்றும் அழைக்கப்படும் பாதி விளிம்புத் தோட்டா, பிஸ்டலுக்குரியது; .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் ரிவால்வருக்கு உரிய விளிம்புள்ள தோட்டா, துல்லியமான இலக்குச் சுடுதலுக்கும் பயன்படுவது. .45 ஏசிபியும் .45 கோல்ட்டும் அப்படித்தான்: முந்தையது விளிம்பற்ற குட்டைத் தோட்டா, பிந்தையது விளிம்புள்ள நீண்ட ரிவால்வர் தோட்டா.

.22 பற்றி ஒரே எச்சரிக்கை போதும்: .22 லாங் ரைஃபிளும் .22 வின்செஸ்டர் மேக்னமும் உறையின் பருமனிலேயே வேறுபட்டவை, இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

5. சப்மெஷின் கன்னுக்கு உரிய தோட்டா தனி வகை அல்ல. ஆனால் கவனிக்க வேண்டியவை தனி

சப்மெஷின் கன் என்பதே கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் ஆயுதம்தான். எம்பி5, உசி, ஸ்டென் ஆகியவை 9×19 தோட்டாவையும், தாம்சன் .45 ஏசிபியையும், பிபிஎஸ்எச்-41 ஆயுதம் 7.62×25 டோக்கரெவையும், ஸ்கார்ப்பியன் வி.இசட். 61 ஆயுதம் .32 ஏசிபியையும் பயன்படுத்துகின்றன. எஃப்என் பி90 ஆயுதத்தின் 5.7×28, எம்பி7 ஆயுதத்தின் 4.6×30 ஆகிய இரண்டும் பாதுகாப்புக் கவசத்தை மனத்தில் கொண்டு உருவான மெல்லிய, விரைவான தோட்டாக்கள். இவற்றின் கவசம் துளைக்கும் வடிவங்கள் தனியாருக்கு உரியவை அல்ல.

தொடர்சுடும் ஆயுதங்களைத் தனியார் வைத்திருக்கப் பெரும்பாலான நாடுகளில் தடை இருக்கிறது அல்லது மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. எனவே இவற்றோடு உங்களுக்கு ஏற்படும் தொடர்பு மூன்று வழிகளில் இருக்கலாம்: ஒருமுறை ஒரு குண்டு மட்டும் சுடும் கார்பைன் (குட்டை ரைஃபிள்) வடிவம், கண்காணிப்பின் கீழ் வாடகைக்குச் சுடவிடும் சுடுதளம், அல்லது ராணுவ உபரித் தோட்டா. முதல் இரண்டும் சிக்கலற்றவை, மூன்றாவதில்தான் பொறி. உபரியாக வரும் 9×19 தோட்டாக்களில் சில, சப்மெஷின் கன்னை மனத்தில் கொண்டு வழக்கத்தைவிட வலிமையாக நிரப்பப்பட்டவை. பெட்டியில் அப்படி எழுதியிருந்தாலோ, எழுத்தே புரியாத நிலையில் இருந்தாலோ, அதைப் பழைய பிஸ்டலில் சுடாதீர்கள். 7.62×25 டோக்கரெவ் தோட்டாவும் 7.63 மவுசர் தோட்டாவும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. டோக்கரெவின் அழுத்தம் அதிகம் என்பதால் பழைய மவுசர் பிஸ்டலில் அதைச் சுடுவது விவேகமன்று.

நீளமான குழல் என்ன செய்யும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 8 கிராம் குண்டு கொண்ட 9×19 தோட்டா, பிஸ்டலில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகம் பெறும் என்றால், 225 மி.மீ. குழல் கொண்ட எம்பி5 ஆயுதத்தில் 400 மீட்டரை எட்டும். .45 ஏசிபி ஏறத்தாழ 255 மீட்டரிலிருந்து 280 அளவுக்கே உயரும். சுடுதளத்தின் தடுப்புகள் எந்த வேகம் வரை தாங்கும் என்று அறிவித்திருந்தால், கார்பைன் கொண்டு செல்பவர்கள் பெட்டியில் அச்சிட்ட பிஸ்டல் வேகத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது.

6. பெட்டியின் லேபிளை முழுமையாகப் படியுங்கள்

கேலிபருக்கு அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது குண்டின் எடை. இது கிரெயின் அளவில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். 9×19 தோட்டாவில் 115, 124, 147 என்ற மூன்று எடைகள் வழக்கமானவை. 147 கிரெயின் குண்டு பொதுவாக ஒலியைவிட மெதுவாகச் செல்வதால் அதன் வெடிப்போசை சற்றுத் தணிவாக இருக்கும். எடையும் வேகமும் சேர்ந்தே உதைப்பைத் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன 9×19 தோட்டாவின் ஆற்றல் ஏறத்தாழ 490 ஜூல், 14.9 கிராம் குண்டு கொண்ட .45 ஏசிபியின் ஆற்றலும் அதற்கு மிக நெருக்கமானதே. ஆனால் உந்தம் கணிசமாக அதிகம் என்பதால் .45 கையை அதிகமாகத் தள்ளும். .22 லாங் ரைஃபிளின் ஆற்றல் இவற்றில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. கை நடுங்காமல் பழக அதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது.

அடுத்தது அழுத்தக் குறி. பெயருக்குப் பின்னால் '+பி' என்று இருந்தால் வழக்கமான வரம்பைவிட அதிக அழுத்தம் என்று பொருள், 9 மி.மீ. லூகருக்கு 35,000 பி.எஸ்.ஐ. என்ற சாமி வரம்பு, +பி வகையில் 38,500 ஆகிறது. துப்பாக்கியின் கையேடு +பி தோட்டாவை அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். '+பி+' என்று இருந்தால் அதற்கு சாமி வரையறுத்த எல்லையே இல்லை. புதியவர்கள் அதைத் தொட வேண்டிய தேவையும் இல்லை.

குண்டின் வகையில் முழு உலோகப் போர்வை கொண்டது பயிற்சிக்குப் போதும். முனையில் குழிவுள்ள குண்டு பல நாடுகளில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டது அல்லது தனி அனுமதிக்கு உட்பட்டது, விலையும் மிகுதி. காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பு நிறத்தில் மின்னும் போர்வைக்குள் எஃகு இருந்தால் காந்தம் ஒட்டும். மூடிய சுடுதளங்கள் பல அத்தகைய தோட்டாக்களை வாசலிலேயே திருப்பியனுப்பிவிடும், அப்போது மலிவாக வாங்கிய பெட்டி பயனற்றுக் கிடக்கும்.

7. ஆவணங்களில் பெயர் ஒன்றுபோல் இருக்கட்டும்

தோட்டா வாங்கும்போது பொதுவாகக் கேட்கப்படுபவை துப்பாக்கி உரிமம் அல்லது வைத்திருப்பதற்கான சான்று, அடையாள அட்டை, சில நாடுகளில் ஒவ்வொரு முறையும் தனியாகப் பெற வேண்டிய கொள்முதல் அனுமதி ஆகியவை. ஒருவர் ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்ற வரம்பும் இருக்கும். விற்பனையாளர் பதிவேட்டில் எழுதும் எண்ணிக்கையை உங்கள் குறிப்பேட்டிலும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிட அதிகமாகத் தாமதப்படுத்துவது பெயர் வேறுபாடு. உரிமத்தில் ".380 ஏசிபி" என்றும் விலைப்பட்டியலில் "9 மி.மீ. ஷார்ட்" என்றும் இருந்தால், கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அவை இரண்டு கேலிபர்கள். அப்படி ஒரு கோப்பு திரும்பிவந்து, இரண்டும் ஒன்றே என்று விற்பனையாளரிடம் கடிதம் வாங்கி இணைத்த பிறகே நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே விண்ணப்பிக்கும்போதே முழுப் பெயரையும் மாற்றுப் பெயரையும் சாய்கோடிட்டு எழுதுங்கள். துப்பாக்கியில் பொறித்திருக்கும் பெயர் முதலில் வரட்டும்.

துப்பாக்கியை வாங்கும் முன்பே, அதன் கேலிபர் உங்கள் நாட்டில் தனியாருக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள். மெக்சிகோவில் .380 அனுமதிக்கப்படும், 9 மி.மீ. பாரபெல்லம் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது. உரிமம் காலாவதியாகும் தேதிக்கு நெருக்கத்தில் பெரிய கொள்முதல் செய்யாதீர்கள். புதுப்பித்தல் இழுபட்டால், கையிருப்பில் இருக்கும் தோட்டாக்களையும் ஒப்படைக்கச் சொல்லலாம்.

8. செலவைத் தோட்டா ஒன்றுக்கு எனக் கணக்கிடுங்கள்

கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பெரும்பாலும் 50 கொண்ட பெட்டிகளில் வரும். முனையில் குழிவுள்ளவை 20 அல்லது 25 கொண்டதாக இருக்கும். பெட்டி விலையை ஒப்பிட்டு ஏமாறாமல், வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்து ஒன்றின் விலையைக் கணக்கிடுங்கள். தோட்டா வெடிபொருளாகக் கருதப்படுவதால் அனுப்பும் கட்டணம் சாதாரணப் பொருளைவிட அதிகம்; அதை ஈடுகட்ட, பெரிய அளவில் ஒரே முறை தருவிப்பது மலிவு.

.22 லாங் ரைஃபிள் எங்கும் மலிவானது. நடு எரியூட்டித் தோட்டாக்களில் (அடியின் நடுவில் தீமூட்டி உள்ளவற்றில்) 9×19 மலிவானது, எளிதில் கிடைப்பது. .45 ஏசிபி அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு விலை கூடியது. அருகிவிட்ட பழைய கேலிபர்களில் துப்பாக்கியின் விலை குறைவாக இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். சில மாதப் பயிற்சியிலேயே தோட்டாவின் செலவு அந்தச் சலுகையை விழுங்கிவிடும். வாடகைக்குத் தொடர்சுடும் ஆயுதத்தைச் சுட விரும்புகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும்: எம்பி5 நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுகள் சுடும் என்பதால், விசையை விடாமல் அழுத்தினால் 50 தோட்டாக்களின் பெட்டி நான்கு நொடிக்குள் தீர்ந்துபோகும்.

முதலில் இரண்டு மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் துப்பாக்கியில் எது தடங்கலின்றி ஓடுகிறது, எது இலக்கில் நெருக்கமாகக் கூடுகிறது என்று பாருங்கள். பிடித்ததைப் பிறகு ஒரே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். போட்டிக்குச் செல்பவர்கள் இதைப் போட்டிக்குப் பல வாரங்கள் முன்னதாகவே செய்துவிட வேண்டும். ஐபிஎஸ்சி (பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) நடத்துவது போன்ற போட்டிகளில், கிரெயினில் குண்டின் எடையையும் நொடிக்கு அடியில் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வரும் ஆற்றல் எண் குறைந்தது 125 என்ற வரம்பைத் தொட வேண்டும், தொகுதிக்குத் தொகுதி வேகம் மாறினால் அது கை நழுவக்கூடும்.

9. வாங்கிய பிறகு: சோதித்தல், வைத்தல், எடுத்துச் செல்லுதல்

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் பொறித்திருக்கும் பெயரைப் பாருங்கள். ராணுவத் தோட்டாக்களில் கேலிபர் இல்லாமல் தொழிற்சாலைக் குறியீடும் ஆண்டும் மட்டும் இருக்கலாம், நேட்டோ தரத்தவையில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருக்கும். நசுங்கியது, பச்சை பூத்தது, குண்டு உள்ளே அமுங்கியது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறையில் ஏற்றி இறக்கினால் குண்டு சிறிது சிறிதாக உள்ளே அமுங்கி, சுடும்போது அழுத்தம் உயரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 நொடி காத்திருந்து பிறகே தோட்டாவை வெளியேற்றுங்கள். ஓசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய உபரித் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர் (அடியில் உள்ள தீமூட்டி) அரிக்கும் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது, நீரால் கழுவித் துடைத்து உலர்த்திய பின்னரே எண்ணெய் இட வேண்டும், அதுவும் அன்றைக்கே.

குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில், துப்பாக்கியிலிருந்து வேறாகப் பூட்டி வைத்தால் தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. வெவ்வேறு கேலிபர்களை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். அவற்றின் பெட்டிகளிலேயே இருக்கட்டும். சுடுதளத்திலிருந்து திரும்பியதும் ஈயத்துகள் போகக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

விமானத்தில் எடுத்துச் செல்வதாயின், பன்னாட்டு விதிப்படி பயணி ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு மொத்த எடை 5 கிலோவுக்கு மிகாமல், விமான நிறுவனத்தின் முன் ஒப்புதலோடு, சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் மட்டும் கொண்டு செல்லலாம். இருவரின் அளவை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. ஒப்புதலைப் பயணச்சீட்டு வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள், அதன் அச்சுப் பிரதியை உரிமத்தின் நகலோடு கைப்பையில் வைத்திருங்கள். சேருமிடத்து நாட்டின் நுழைவு அனுமதி தனி. அதற்கான விண்ணப்பத்திலும் கேலிபர், குண்டின் வகை, எண்ணிக்கை ஆகிய மூன்றும் உங்கள் உரிமத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.